கேள்வி–பதில்: மேடையேறிய வீட்டுச் சண்டை

கேள்வி: பிரிட்டனில் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பெண்கள் எழுதும் நாடகங்களைப் பற்றிப் படித்தாலே கண்டிப்பான அம்மா, முட்டி மோதும் மகள், குடும்ப மானம் என்றுதான் இருக்கிறது. நம் வீட்டுச் சண்டையை வெள்ளைக்காரர்களுக்கு டிக்கெட் போட்டுக் காட்ட வேண்டுமா?

பதில்: கோபம் புரிகிறது. இதே கேள்வி 2004 டிசம்பரில் பர்மிங்ஹாமில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது. குர்ப்ரீத் கௌர் பட்டி எழுதிய 'பெஸ்தி' (பஞ்சாபியில் அவமானம், நாம் 'மானம் போச்சு' என்போமே, அது) நாடகத்தில் நோயாளித் தாயும் அவளைக் கவனித்துக்கொள்ளும் மகளும் சீக்கியர்களின் கோயிலான குருத்வாராவுக்குப் போகிறார்கள், அங்கே பெரிய மனிதர் ஒருவர் அந்த மகளைப் பலாத்காரம் செய்கிறார். கோயிலில் நடந்ததாகக் காட்டுவதா என்று சீக்கியர்கள் எதிர்த்துத் திரண்டார்கள், பர்மிங்ஹாம் ரெப் அரங்கம் நாடகத்தையே நிறுத்தியது, எழுதியவர் கொலை மிரட்டலுக்குப் பயந்து தலைமறைவானார். இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான்: அந்தப் பலாத்காரம் எங்கே நடந்ததாகக் காட்டலாம் என்று ஊரே பேசியது, அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பது பேச்சிலேயே இல்லை.

'வீட்டுச் சண்டை' என்கிறீர்கள். ருக்சானா அகமதும் ரீட்டா உல்ஃபும் தொடங்கிய காளி நாடகக் குழு 1991-இல் போட்ட முதல் நாடகம் பெண்கள் காப்பகம் ஒன்றில் நடப்பது. அடைக்கலம் தேடிப் போன மனைவியைக் கணவன் அங்கேயே வந்து கொன்ற நிஜச் சம்பவம்தான் அதற்குத் தூண்டுதல். இதை வீட்டோடு வைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் அம்மா எப்போதும் வில்லிதான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வின்சம் பின்னொக்கின் 'லீவ் டேக்கிங்' 1987-லேயே லிவர்பூலில் மேடையேறியது. ஜமைக்காவிலிருந்து வந்து தனியாக இரண்டு பெண்களை வளர்க்கும் ஈனிட் என்ற அம்மா. எழுதியவர் லண்டனில் பிறந்த மகள் தலைமுறைக்காரர், ஆனாலும் நாடகத்தின் கனமெல்லாம் அந்த அம்மா மேல்தான்.

கேள்வி: சரி, தமிழ்ப் பெண்கள் அந்த மேடைக்கு வந்திருக்கிறார்களா?

பதில்: வந்தார்கள், அதுவும் 'பெஸ்தி'யை நிறுத்திய அதே பர்மிங்ஹாம் ரெப்புக்கு. 2022-இல் 'கவுன்டிங் அண்ட் கிராக்கிங்' அங்கே நடந்தது. 1983 கலவரத்தில் கொழும்பைவிட்டுக் கர்ப்பிணியாக சிட்னி போன ராதா, செத்துப்போனான் என்று நம்பிய கணவன் உயிரோடு இருப்பதை 2004-இல் கேள்விப்படுகிறாள். எழுதிய எஸ். சக்திதரன் ஆஸ்திரேலியாக்காரர், ஆண். பிரிட்டனிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண்ணின் நாடகத்துக்கு இது ஈடாகாதுதான்.

அப்புறம், பாலேந்திராவும் ஆனந்தராணியும் லண்டனில் தொடர்ந்து நடத்திவரும் தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம். மகள்களைப் பூட்டிவைக்கும் ஒரு தாயைப் பற்றி ஸ்பெயின் நாடகாசிரியர் லோர்கா எழுதிய நாடகத்தை 'ஒரு பாலை வீடு' என்று இவர்கள் இலங்கையில் இருந்தபோதே போட்டுவிட்டார்கள். பார்த்தவர்களில் வெள்ளைக்காரர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.