டாக்டர் படிப்பும் ஹோர்முஸ் பயமும்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு இது மெட்ரிக், அதாவது பள்ளியின் கடைசி வருஷம். "கப்பல் சம்பந்தமான வேலைக்குத்தான் போவேன்" என்று அவள் சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லையாம். ஈரானியப் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு பிடித்து எண்ணெய்க் கப்பலில் இறங்கும் வீடியோவை ஜோஹன்னஸ்பர்க் மாமா குடும்ப வாட்ஸாப்பில் போட்டு, "இதற்கா பெண்ணை வளர்த்தோம்?" என்று கேட்டிருக்கிறார். டாக்டருக்குப் படிக்கட்டும், இங்கே இடம் கிடைக்காவிட்டால் வீட்டின் மேல் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது அவருடைய தீர்ப்பு.

பயம் வீண் என்று சொல்ல மாட்டேன், அம்மா. 2019 ஜூலை 19 அன்று ஸ்டெனா இம்பெரோ என்ற எண்ணெய்க் கப்பலை, ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணையில் ஈரான் பிடித்தபோது அதில் 23 பேர் இருந்தார்கள். 18 பேர் இந்தியர்கள். கப்பல் விடுபடச் செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். ஆனால் உங்கள் பெண் கடலுக்குப் போகிறேன் என்று எங்கே சொன்னாள்? மாமா போட்ட வீடியோவைப் பார்த்ததும் அவள் கேட்டதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "கப்பல் யாருடையது? உள்ளே இருக்கும் எண்ணெய் யாருடையது?" கேள்வி ஒரு வக்கீலின் கேள்வி. மாமாவுக்குப் பதில் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம்.

மருத்துவத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை, பிஸிக்ஸ் மார்க் இழுபறியில் இருக்கும்போது, அந்தப் பக்கம் தள்ளுவது தவறு. வெளிநாட்டில் படித்து வந்தால் இங்கே மருத்துவக் கவுன்சில் பரீட்சையைத் தாண்டினால்தான் தொழில் செய்ய முடியும். உள்நாட்டிலேயே படித்து, சமூக சேவை ஆண்டையும் முடித்த டாக்டர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். 2025-இல் 1,200 பேரை எடுக்கிறோம் என்று சுகாதார அமைச்சர் அறிவிக்க வேண்டியிருந்தது. அதற்காகவா வீட்டை அடகு வைப்பீர்கள்? தவணை கட்டப் போவது மாமா இல்லை. வீட்டுப் பத்திரத்தை பேங்க் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

இனி அவள் கேள்விக்கு வருகிறேன். சூயஸ் ராஜன் என்ற டேங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தடையை மீறி ஈரான் எண்ணெயை ஏற்றியதாக வழக்கு. கப்பலை வைத்திருந்த கம்பெனி 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சுமார் 9,80,000 பீப்பாய் எண்ணெயை அமெரிக்கா பறிமுதல் செய்தது. கப்பல் செயின்ட் நிக்கோலஸ் என்று பெயர் மாறி, ஈராக் எண்ணெயோடு துருக்கிக்குப் புறப்பட்டது. 2024 ஜனவரி 11 அன்று ஓமான் வளைகுடாவில் ஈரான் அதைப் பிடித்துக்கொண்டது. துப்பாக்கி வீடியோவில் தெரிகிறது. வீடியோவுக்கு முன்னும் பின்னும் நடந்ததெல்லாம் காகிதம். கொடி ஒரு நாடு, சொந்தக்காரர் ஒரு நாடு, சரக்கு வேறொருவருடையது, இன்சூரன்ஸ் லண்டனில். இந்தச் சிக்கலைப் பிரிப்பதே ஒரு தொழில். அதைச் செய்ய டர்பனை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பதுதான் நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் தெரியாத சேதி.

கப்பலை ஜப்தி செய்ய உலகம் முழுவதிலுமிருந்து கடன் கொடுத்தவர்கள் தேடி வரும் நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. காரணம் கப்பல் வழக்குகளுக்கான 1983-ஆம் ஆண்டின் 105-ஆம் எண் சட்டம். பாக்கி வைத்த கப்பல் கைக்கு எட்டாவிட்டால், அதே ஆளின் கட்டுப்பாட்டில் இருக்கும் இன்னொரு கப்பல் நம் துறைமுகத்துக்கு வரும்போது அதைப் பிடிக்கலாம். வேலை எப்படி நடக்கும் தெரியுமா? எரிபொருள் கொடுத்தவனுக்குப் பணம் வரவில்லை, அல்லது மாலுமிகளுக்குச் சம்பளம் பாக்கி. இந்தக் கப்பலுக்கும் அந்தக் கப்பலுக்கும் பின்னால் இருப்பது ஒரே கைதான் என்று, பெயர்ப்பலகை மட்டுமே உள்ள கம்பெனிகளைத் தோண்டி ஒரு இளம் வக்கீல் ராத்திரியோடு ராத்திரியாகக் காட்ட வேண்டும். கப்பல் நங்கூரம் எடுப்பதற்குள் கோர்ட் உத்தரவு கைக்கு வர வேண்டும். பிறகு கோர்ட் அதிகாரியான ஷெரிஃப் ஏறிப் போய் உத்தரவின் நகலைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார். கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுக் கிளப் உத்தரவாதக் கடிதம் கொடுத்தால் கப்பல் கிளம்பிவிடும்.

அரசியலும் இந்தக் கோர்ட்டுகளுக்கு வரும். 2017 மே மாதம் மொராக்கோ உரிமை கொண்டாடும் மேற்கு சஹாராவின் பாஸ்பேட்டோடு நியூசிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த செர்ரி பிளாசம் கப்பலை போர்ட் எலிசபெத்தில் நிறுத்தினார்கள். சரக்கு சஹாரா மக்களின் அரசுக்கே சொந்தம் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. உரிமை தீராத மண்ணின் சரக்கு, நம் துறைமுகத்தில் தீர்ப்பு. உங்கள் பெண் கேட்ட அதே கேள்வி!

வழி இதுதான். டர்பனில் குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹாவர்ட் காலேஜ் வளாகத்தில் நான்கு வருஷ எல்எல்பி. வீட்டிலிருந்தே போய் வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் அரசின் மாணவர் நிதித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவிக்கு மனுப் போடுங்கள். பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு அட்டர்னி அலுவலகத்தில் பயிற்சி. கடல்சார் சட்டத்தில் மேற்படிப்பை வேலை பார்த்துக்கொண்டே பிறகு முடிக்கலாம். இப்போது அதற்குப் பணம் சேர்க்க வேண்டாம். கப்பல் வழக்கு எடுக்கும் அலுவலகங்கள் கொஞ்சம்தான், போட்டி உண்டு. மூன்றாம் வருஷ விடுமுறையிலேயே அவள் போய்க் கதவைத் தட்ட வேண்டும், சம்பளம் இல்லாவிட்டாலும். இடம் கிடைக்காவிட்டால்? இதே பட்டத்துக்கு மரைன் இன்சூரன்ஸ் கிளெய்ம் பிரிவிலும் கப்பல் ஏஜென்சிகளிலும் வேலை உண்டு.

பல்கலைக்கழக இடத்துக்கான சிஏஓ விண்ணப்பத்தில் ஆறு படிப்புகளை எழுத இடம் இருக்கும். பொதுவாகச் செப்டம்பர் 30-க்குள் அனுப்ப வேண்டும். முதல் இடத்தில் என்ன எழுதுவது என்பதை அவளே எழுதட்டும், விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு மாமாவுக்குச் சொல்லுங்கள்.