கோழி பர்கர் காயாமல் இருக்க: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கல்லடியில் வீட்டிலிருந்தே கட்லட், பர்கர் ஓடர் செய்து கொடுக்கிறேன். நெஞ்சிறைச்சி பர்கர் பற்றி வந்த கேள்விகள் இவை.

ஏறாவூர் அக்கா: மாட்டிறைச்சியில் செய்தால் நல்லா வருது. கோழி நெஞ்சில் செய்தால் மரத்தூள் மாதிரி. ஏன்?

மாட்டிறைச்சியில் கொழுப்பு உருகி ஊறும். தோல் நீக்கிய கோழி நெஞ்சில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் கொழுப்புத்தான் அக்கா, மிச்சம் தண்ணீரும் புரதமும். சூடு 65 பாகையைத் தாண்டத் தாண்டப் புரதம் இறுகி, ஈரப் புடவையைப் பிழிகிற மாதிரி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

அதைப் பிடித்து வைக்க உள்ளே ஒன்று வேணும். அரைத்த இறைச்சி 500 கிராமுக்கு, ஓரம் வெட்டிய பாண் 2 துண்டை 4 மேசைக்கரண்டி பாலில் ஊறவிட்டு, கூழாக மசித்துச் சேருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும், துருவிய சின்ன வெங்காயம் நாலைந்தும் போதும். றஸ்க் தூளை உலர்ந்தபடி கொட்டாதீர்கள், அதையும் பாலில் நனைத்துத்தான் போடவேணும்.

காத்தான்குடி தம்பி: பாலுக்குப் பதிலாகத் தயிர் சரியா?

ஓம், எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். நம்மட சட்டித் தயிர் எருமைப் பாலில் உறைகிறது, பசுப்பாலைவிட எருமைப் பாலில் கொழுப்பு கூட. தண்ணீரை வடித்துவிட்டு 3 மேசைக்கரண்டி எடுங்கள்.

களுவாஞ்சிகுடி தங்கச்சி: என்ட பர்கர் காயவில்லை, ஆனால் றப்பர் மாதிரி இழுக்குது.

உப்பை எப்ப போட்டீங்க? உப்புச் சேர்த்துப் பிசைந்தால் இறைச்சிப் புரதம் கரைந்து பசையாகும். சொசேஜுக்கு அது வேணும், பர்கருக்கு வேண்டாம். மற்றதெல்லாம் விரல் நுனியால் கலந்து தட்டி வையுங்கள். தாச்சியில் போடுகிற நேரம் மேலே உப்புத் தூவினால் போதும். கடையில் மாவு மாதிரி அரைத்துத் தந்தாலும் இப்படித்தான் வரும், ஒரே தடவை பெரிசாக அரைக்கச் சொல்லுங்கள்.

கல்முனை அண்ணன்: உள்ளே வெந்ததா என்று பயத்தில் கூட நேரம் விடுகிறேன்.

அநேகம் பேருக்குப் பர்கர் காய்வது இந்தப் பயத்தால்தான் அண்ணன். பயம் நியாயமானது, அரைத்த கோழியை அரைவேக்காடாகச் சாப்பிடவே கூடாது. ஆனால் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க ஏலாது. வெந்த பிறகும் ரோசா நிறம் நிற்கும், வேகாததும் வெள்ளையாகத் தெரியும். இறைச்சியில் குத்திப் பார்க்கிற தேர்மோமீற்றர் ஒன்று வாங்குங்கள். பக்கவாட்டில் நடு வரைக்கும் குத்தி 74 பாகை செல்சியஸ் காட்டினால் உடனே இறக்குங்கள். 80ஐத் தாண்டவிட்டால் பாணும் தயிரும் காப்பாற்றாது. இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பென்றால், நடுத்தர நெருப்பில் ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு நிமிடம் வரும், கடைசி இரண்டு நிமிடம் மூடி போடுங்கள். இறக்கி மூன்று நிமிடம் கழித்துப் பணிசுக்குள் வையுங்கள்.

தட்டகப்பையால் அமத்துகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சீறுகிற சத்தம் சாறு போகிற சத்தம்.

அக்கரைப்பற்று தம்பி: சிரட்டைக் கரியில் சுடலாமா?

சுடலாம், ஆனால் சிரட்டைக் கரி வேகமாகச் சூடேறும். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு பக்கமும் நிறம் பிடித்த பிறகு கரியில்லாத பக்கம் தள்ளி மூடிவிடுங்கள். கம்பிக்கு அல்ல, பர்கருக்கே எண்ணெய் பூசுங்கள், ஒட்டாது. அரை மணித்தியாலம் பிரிஜ்ஜில் வைத்தெடுத்தால் உடையவும் மாட்டாது.

சம்மாந்துறை மகள்: வாப்பாவுக்குக் கொலஸ்ரோல். தொடை இறைச்சியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

அப்படியென்றால் காளான் சேருங்கள் மகள். 500 கிராம் நெஞ்சிறைச்சிக்கு 150 கிராம் காளானைப் பொடியாக வெட்டி, ஒட்டாத தாச்சியில் வதக்கி, ஆறவிட்டுக் கலக்குங்கள். வதக்காமல் போட்டால் தண்ணீர் விட்டு உடையும். தயிரைக் கொழுப்பு நீக்கியதாக எடுங்கள். முட்டை போடத் தேவையில்லை, வெள்ளைக்கரு இன்னும் இறுக்கிவிடும். வாப்பாவுக்குக் கொடுக்கும்போது பணிசையும் வாட்டாமல் மென்மையாகவே கொடுங்கள். பக்கத்தில் வெள்ளரிக்காய் நாலு வட்டம் வையுங்கள்.