ஷில்லாங்கில் வேலை கிடைத்திருக்கிறது. காஸி மாணவர் சங்கம் வெளியாட்களை விரட்டும் அமைப்பு என்கிறார்களே, உண்மையா?

நான் 2012 முதல் 2014 வரை ஷில்லாங்கில் முதுகலை படித்தேன். லைதும்க்ராவில் ஒரு காஸி அம்மாவின் வீட்டில் மாடி அறையில் குடியிருந்தேன். அங்கே மூத்த பெண்களை மரியாதையாக 'கோங்' என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். இந்தப் பதிலில் பாதி படித்துத் தெரிந்தது, பாதி அந்த வீட்டிலிருந்து பார்த்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தக் காஸிக்கும் வாரணாசிக்கும் சம்பந்தம் இல்லை. மேகாலயாவின் கிழக்கு மலைகளில் வாழும் பழங்குடி மக்கள் இவர்கள். இவர்களுடைய மொழி கம்போடியாவின் கெமர் மொழிக்குத் தூரத்து உறவு. குலப்பெயர் தாய்வழியில் வரும். பரம்பரைச் சொத்து கடைசிப் பெண்ணுக்குப் போகும்.

மாணவர் சங்கம் என்றதும் கல்லூரித் தேர்தலில் நிற்கும் அமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1978 மார்ச் 20 அன்று தொடங்கிய இந்தச் சங்கத்துக்குக் கிளைகள் ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. கிளையைச் 'சர்க்கிள்' என்பார்கள். படிப்பு முடிந்து பல வருடம் ஆனவர்களும் பொறுப்பில் இருப்பார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாராட்டுவதும் அவர்கள்தான், வெளியூர்க் கட்டடத் தொழிலாளிகளை நிறுத்தி ஆவணம் கேட்பதும் அவர்கள்தான். இரண்டாவது வேலையைச் செய்யும் அதிகாரத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் வெளியாட்களைப் பார்த்து அவர்களுக்கு வரும் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இனவெறி என்ற ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. 1864இல் ஆங்கிலேயர்கள் தலைமையிடத்தைச் சோராவிலிருந்து, அதாவது சிரபுஞ்சியிலிருந்து, ஷில்லாங்குக்கு மாற்றினார்கள். பத்து வருடத்தில் அது அசாம் மாகாணத்தின் தலைநகராகவும் ஆனது. குமாஸ்தா வேலைக்கு, மலைக்குக் கீழே இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் சில்ஹெட்டிலிருந்து வங்காளிகள், படையில் நேபாளிகள், கடைகளில் மார்வாடிகள், துப்புரவுக்குப் பஞ்சாபிகள் என்று ஊர் நிறைந்தது. சொந்த மண்ணில் கட்டப்பட்ட நகரத்தின் அலுவலக நாற்காலிகளில் காஸிகள் அபூர்வமாகத்தான் இருந்தார்கள்.

அப்புறம் 1947. தெற்குச் சரிவில் விளைந்த ஆரஞ்சு, பாக்கு, வெற்றிலையெல்லாம் கீழே சில்ஹெட் சந்தைகளுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. பிரிவினையில் சில்ஹெட் பாகிஸ்தானுக்குப் போனது. ஒரு கோடு போட்டதில் அந்த விவசாயிகளின் சந்தை அந்நிய நாடாகிவிட்டது. இந்த இழப்பைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. 1960இல் அசாம் அரசு அசாமியத்தை ஆட்சிமொழியாக்கியபோது மலைத் தலைவர்கள் கட்சி கடந்து ஒன்று சேர்ந்து தனி மாநிலம் கேட்டார்கள். 1972 ஜனவரி 21இல் மேகாலயா முழு மாநிலமானது. 'இனி எல்லாம் நமக்கு' என்று நம்பிய தலைமுறைக்கு, ஆறு வருடம் கழித்தும் வேலையும் வியாபாரமும் அதே கைகளில் இருப்பதாகத் தோன்றியது. சங்கம் பிறந்தது அந்த ஏமாற்றத்தில்தான்.

என் வகுப்பில் ஒருவன் சர்க்கிள் உறுப்பினர். 2013இல் உள்கோட்டு அனுமதி கேட்டுப் போராட்டம் நடந்தது. வெளிமாநிலத்தார் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற, 1873ஆம் வருடச் சட்டத்திலிருந்து வந்த முறை அது. நாகாலாந்திலும் மிசோரத்திலும் இன்றும் உண்டு. அலுவலக மறியல், கடையடைப்பு, இரவு ஊரடங்கு என்று நகரமே முடங்கிக் கிடந்தது. "ஏன்டா, நானும் சீட்டு வாங்கித்தான் வரணுமா?" என்று அவனிடம் கேட்டேன். "உன்னைப் பற்றியே நான் யோசிக்கவில்லை. திரிபுராவைப் பார்" என்றான். திரிபுராவில் பழங்குடிகள் இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் மேகாலயாவில் பழங்குடிகள் 86 சதவீதம். அந்த எண்ணைச் சொன்னேன். "அவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்" என்றான். அதற்கு மேல் நான் வாதம் செய்யவில்லை. அன்று இருட்டியதும் என்னைத் தனியாக விடாமல் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டதும் அவனேதான்.

அந்த ஊரில் எல்லோருக்கும் அப்படி ஒரு நண்பன் வாய்க்கவில்லை. 1979இல் காளி பூஜையை ஒட்டி லைதும்க்ராவில் எழுந்த தகராறு வங்காளிகள் மீதான தாக்குதலாக மாறியது. 1987இல் நேபாளிகள். 1992இல் மறுபடியும் கலவரம். இரண்டு மூன்று தலைமுறையாக ஷில்லாங்கில் வாழ்ந்த குடும்பங்கள் வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் குவஹாத்திக்கும் சில்சாருக்கும் கொல்கத்தாவுக்கும் போய்விட்டன. சமவெளியிலிருந்து வந்தவரைக் குறிக்கக் காஸி மொழியில் 'ட்கார்' என்று ஒரு சொல் உண்டு. சாதாரணமான சொல்தான். ஆனால் ஒரு டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் அது சொல்லப்பட்ட தொனியை நான் இன்னும் மறக்கவில்லை. 2020 பிப்ரவரியில் எல்லையோர இச்சாமதியில் நடந்த மோதலில் சங்க உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் ஷில்லாங்கில் அதற்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் கத்திக்குத்து வாங்கினார்கள். அந்த அக்டோபரில் 'மேகாலயா வங்காளிகள் எல்லோரும் வங்கதேசத்தவர்' என்று நகரத்தில் பதாகைகள் தொங்கின. இதற்கு எந்த வரலாற்றையும் காரணமாகச் சொல்ல நான் தயாராக இல்லை.

இதே சங்கம்தான் யுரேனியம் விஷயத்தில் உறுதியாக நின்றது. மேற்கு காஸி மலையில் டோமியாசியாட் பகுதியில் யுரேனியம் கிடைத்ததும் சுரங்கம் தோண்ட வந்தார்கள். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்க மாட்டேன் என்று கோங் ஸ்பெலிட்டி லிங்டோ லாங்ரின் என்ற நில உரிமையாளர் மறுத்துவிட்டார். பெரிய தொகை பேசியும் அசையவில்லை. 2020இல் 95 வயதில் இறக்கும்வரை அதே முடிவில் இருந்தார். சங்கம் பல வருடங்கள் தெருவில் நின்று அந்தத் திட்டத்தை எதிர்த்தது. இன்றுவரை அங்கே சுரங்கம் வரவில்லை. வேறு எந்த அமைப்பும் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன். காஸி வீடுகளில் சங்கத்துக்கு இருக்கும் மரியாதைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. எங்கள் கோங்கின் குலப்பெயர் 'கார்' என்று தொடங்கும். ஒருநாள் பாக்கு வெட்டிக்கொண்டே அவரே சொன்னார்: அந்தக் 'கார்' வேறொன்றும் இல்லை, 'ட்கார்'தான். எத்தனையோ தலைமுறைக்கு முன் காஸி ஆண்கள் சமவெளிப் பெண்களை மணந்துகொண்டு வந்தார்கள். தாய்வழிச் சமூகத்தில் வெளியூர்த் தாயின் பிள்ளைக்குக் குலம் கிடையாது. அதற்காக 'தங் ஜைட்' என்ற சடங்கைச் செய்து, அந்தப் பெண்ணையே மூதாதையாக வைத்துப் புதுக் குலம் ஒன்றைத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு அவள் பிள்ளைகளும் பேத்திகளும் முழுக் காஸிகள். அப்படி வந்த குலங்கள் ஒன்றிரண்டு இல்லை, ஏராளம். சங்கத்துப் பையன்களிலும் பலருடைய பெயர் 'கார்' என்றுதான் தொடங்குகிறது.

வந்தவளுக்குக் குலமே கொடுத்த சமூகம், 2018 ஜூலையில் அதற்கு நேர் எதிரான ஒரு காரியத்தைச் செய்தது. பழங்குடி வழக்கங்களுக்குச் சட்டம் இயற்றும் அமைப்பான காஸி மலைகளின் தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. காஸி அல்லாதவரை மணக்கும் காஸிப் பெண் தன் காஸி தகுதியை இழப்பாள், அவள் பிள்ளைகளுக்கும் அது கிடையாது என்றது மசோதா. வெளியாட்கள் பழங்குடிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவள் பெயரில் நிலமும் கடையும் வாங்குகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பினாமி வியாபாரம் அங்கே உண்டு, அது உண்மை. அதைப் பிடிக்க வர்த்தக உரிமச் சட்டம் 1954லிருந்தே இருக்கிறது. அதைவிட்டுவிட்டுப் பெண்ணின் குலத்தைப் பறிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. செய்தி வந்த வாரம் கோங்குக்குப் போன் செய்தேன். அவருடைய இரண்டாவது மகள் ஒரு வங்காளியைக் கட்டியிருக்கிறாள். "பாட்டிக்குக் கொடுத்ததைப் பேத்தியிடம் பிடுங்குகிறார்கள்" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போங்கள். சம்பளத்துக்கு வரும் தமிழர்கள் யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. அடி வாங்குவது பெரும்பாலும் கூலித் தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளும்தான், அதை அங்கே இருக்கும்போது மறந்துவிடாதீர்கள். வீடு பார்த்ததும் அந்தப் பேட்டையின் 'தொர்பார்' (ஊர்ச் சபை) தலைவரிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள், அடையாள அட்டையைக் கேட்டால் தயங்காமல் காட்டுங்கள். பந்த் என்று சொன்னால் வெளியே கிளம்ப வேண்டாம். 'குப்ளே' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், வணக்கத்துக்கும் நன்றிக்கும் அதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பச்சைப் பாக்கோடு நீட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பாக்கைவிடக் கடுமை. முதல் தடவை உடம்பெல்லாம் சூடேறி வியர்க்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.