கேட்டதும் சொன்னதும்: கிரேட் உடைந்தால் ரப்பர் கலக்கலாமா?

கேள்வி: சிப்காட் பக்கம் சின்ன மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். பிபியில் (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) தக்காளி கிரேட் போடுகிறோம். லாரியிலிருந்து இறக்கும்போது கீழே விழுந்தால் மூலையில் விரிசல் விடுகிறது. ரப்பர் கலந்தால் சரியாகும் என்கிறார்கள், எவ்வளவு கலக்கலாம்?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

கலக்கலாம், ஆனால் முதலில் மூட்டையைப் பாருங்கள், நீங்கள் வாங்குவது எந்த பிபி? புரொப்பிலீன் மட்டுமே உள்ள ஹோமோபாலிமர் என்றால் அது 0 டிகிரி பக்கம் போனாலே நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். நம்ம ஊரில் மார்கழியில்கூட அந்தக் குளிர் கிடையாதே என்பீர்கள். சரிதான், ஆனால் சடாரென்று விழும் அடியும் கூர்மையான மூலையும் குளிர் செய்கிற அதே வேலையைச் செய்துவிடும், ஏனென்றால் மூலக்கூறுச் சங்கிலிகள் நகர்ந்து கொடுக்க நேரமே இருக்காது. அதனால் பிபிசிபி எனப்படும் கோபாலிமர் வகை பிபிக்கு மாறிப் பாருங்கள். அதில் எத்திலீன்-புரொப்பிலீன் ரப்பர் ஆலையிலேயே உள்ளே உருவாகி வந்துவிடுகிறது, நீங்கள் தனியாகக் கலக்க வேண்டியதில்லை.

அதுவும் போதாது என்றால் பிஓஇ எனப்படும் எத்திலீன்-ஆக்டீன் ரப்பர். குருணையாகவே வருவதால் ஹாப்பரில் போடுவது சுலபம். ஈபிடிஎம் என்ற இன்னொரு ரப்பர் பெரும்பாலும் கட்டியாக வரும், சின்னப் பட்டறைக்கு அது தலைவலி. நூற்றுக்கு 10-இல் தொடங்குங்கள், 20-ஐத் தாண்டினால் கிரேட் தொளதொளவென்று ஆகி, சித்திரை வெயிலில் பத்து அடுக்கு அடுக்கினால் அடியில் இருப்பது பிதுங்கும். விறைப்பை மீட்க டால்க் என்ற கல்தூள் சேர்ப்பார்கள். கார் பம்பரில் பிபி, ரப்பர், டால்க் மூன்றும் சேர்ந்திருப்பது இதற்குத்தான். ஆனால் டால்க் கூடக்கூட ரப்பர் தந்த தாங்குசக்தி கொஞ்சம் குறையும், இரண்டும் முழுசாகக் கிடைக்காது.

அளவைவிட முக்கியம், ரப்பர் எவ்வளவு பொடியாகப் பரவுகிறது என்பது. துளிகள் ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் கீழேயோ இருந்தால் அடி விழும்போது ஒவ்வொரு துளியைச் சுற்றியும் பிளாஸ்டிக் கொஞ்சம் இழுபட்டு, விரிசலின் வேகத்தை விழுங்கிவிடும். மோல்டிங் மெஷினின் ஒற்றை ஸ்க்ரூ அவ்வளவு நன்றாகக் கலக்காது. இரட்டை ஸ்க்ரூ மெஷினில் உருக்கிக் கலந்து (காம்பவுண்ட் செய்து) வாங்குவது நல்லது. அப்புறம், அச்சில் உள்மூலையைக் கொஞ்சம் உருட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை செலவு, பல நேரம் ரப்பரைவிட அதுதான் பலன் தரும்.

கேள்வி: ஆம்பூரில் செருப்பு சோல் கழிவு மலிவாகக் கிடைக்கிறது. ரப்பர்தானே, அரைத்து பிபியில் போட்டால் என்ன?
- ஒரு வாசகர், வாணியம்பாடி

எந்த சோல் என்று பிரிக்காமல் போட்டால் மெஷினையே கெடுத்துக்கொள்வீர்கள். பிவிசி சோல் துண்டு கலந்துவிட்டால் பிபி உருகும் சூட்டில் அது கருகி ஹைட்ரஜன் குளோரைடு விடும். மூக்கெரிச்சல் ஒரு பக்கம், ஸ்க்ரூ அரிப்பு ஒரு பக்கம். ஈவிஏ நுரை சோல் பெரும்பாலும் சங்கிலிகளுக்கு இடையே பிணைப்பு போட்டது, திரும்ப உருகாது. டயர் தூளும் அப்படித்தான்: வல்கனைஸ் ஆன (கந்தகத்தால் இறுகிய) பெரிய துகள், பிபியோடு ஒட்டாமல் நிற்கும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். இவற்றில் டிபிஆர் (தெர்மோபிளாஸ்டிக் ரப்பர்) சோல்தான் கருகாமல் உருகும். ஆனால் அதில் எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் இருக்கும், சூட்டிலும் வெயிலிலும் சீக்கிரம் கெடும். வாளி, மிதியடி மாதிரி சரக்குக்கு வேண்டுமானால் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள், எடை தாங்கும் பொருளுக்கு வேண்டாம்.

கேள்வி: மொட்டை மாடியில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி உட்கார்ந்ததும் கால் உடைந்துவிட்டது. ரப்பர் கலந்த நாற்காலி என்று கேட்டு வாங்கலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

உங்கள் நாற்காலியைக் கெடுத்தது வெயில். நாற்காலி செய்யும் பிபியின் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு பலவீனமான ஹைட்ரஜன் இருக்கிறது, புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் அங்கே கை வைத்து சங்கிலியை அறுக்கும். மேலே வெள்ளையாகப் பொடி உதிர்ந்திருந்தால் அதுதான் அடையாளம். ரப்பர் இதற்கு மருந்தில்லை. வெளியில் போட யூவி ஸ்டெபிலைசர் (புற ஊதாக் கதிரைத் தாங்க வைக்கும் மருந்து) சேர்த்ததாகக் கேளுங்கள், அல்லது கார்பன் பிளாக் கலந்த கறுப்பு நாற்காலி. சூடு ஏறும், ஆனால் நிற்கும்.

கேள்வி: வாளிப் பிடியை வளைத்தால் வெள்ளைக் கோடு விழுகிறதே, மட்டமான சரக்கா?
- அதே வாசகி

இல்லை. ரப்பர் உள்ள பிபியை வளைக்கும்போது ரப்பர் துளிகளைச் சுற்றி நுண்ணிய ஓட்டைகள் திறக்கும், அதில் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாகாமல் பட்டென்று முறிந்தால்தான் கடைக்காரரிடம் போய்க் கேளுங்கள்.