ஓடை மீன் திட்டத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது

உங்கள் ஓடை மீன் பாதுகாப்புத் திட்டத்துக்காக அமெரிக்காவின் கூட்டுறவு அழிவுநிலை உயிரினப் பாதுகாப்பு நிதிக்கு உங்கள் குழுவே விண்ணப்பிக்கலாமா, மத்திய அரசு தராத 25 சதவீதப் பங்குக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. 1973ஆம் ஆண்டு அழிவுநிலை உயிரினச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி அந்தப் பணம் மாநிலங்களுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும்தான் போகும். உங்கள் மாநில வனவிலங்குத் துறையிடம் பேசி, அவர்களுடைய திட்டத்துக்குள் பங்காளியாகச் சேரப் பாருங்கள். நிதிக்கான அறிவிப்பு வந்த பிறகு போனால் தாமதம், இப்போதே பேசுவது நல்லது.

மத்திய அரசு 75 சதவீதம் வரை தரும். இரண்டு மாநிலங்கள் கைகோத்தால் 90 வரை போகும். உங்கள் ஓடை எல்லை தாண்டி ஓடுகிறதா என்று பாருங்கள். மீதிப் பங்கு ரொக்கமாகத்தான் வேண்டும் என்றில்லை. தன்னார்வலர்களின் உழைப்பையும் மதிப்பிட்டுக் காட்டலாம். ஆனால் யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்ற பதிவேடு கட்டாயம் இருக்க வேண்டும். பொதுவாக, இன்னொரு மத்திய அரசு மானியத்தைப் பங்காகக் காட்ட முடியாது. பலர் வழுக்குவது இங்கேதான்.

கரை தனியார் நிலம் என்றால், தனியார் நிலத்தில் வாழிடங்களைச் சீரமைக்க உதவும், 1987இல் தொடங்கிய ‘மீன், வனவிலங்குப் பங்காளிகள்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தையும் விசாரியுங்கள். நில உரிமையாளர் குறைந்தது 10 ஆண்டு ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.