ஓக்லஹோமா கப்பலின் பெயர் தெரியாத வீரர்கள்: கேள்வி பதில்

1941 டிசம்பர் 7 அன்று பேர்ள் ஹார்பரில் ஜப்பானிய டார்பிடோக்கள் தாக்கிக் கவிழ்ந்தது அமெரிக்கப் போர்க்கப்பல் ஓக்லஹோமா. இறந்த 429 பேரில் பெரும்பாலோர் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பெயரில்லாமல் புதைந்து கிடந்தார்கள். அவர்களை அடையாளம் கண்ட விதம் பற்றி வந்த கேள்விகளுக்கு, தடய மானிடவியல் (எலும்புகளை ஆராய்ந்து இறந்தவரை அடையாளம் காணும் துறை) கற்பிக்கும் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கே: கப்பலில் இருந்தவர்களின் பட்டியல் இருந்திருக்குமே ஐயா, பிறகு என்ன சிக்கல்?

ப: பெயர்கள் தெரியும். எந்த எலும்பு யாருடையது என்பதுதான் தெரியாது. உடல்களை எடுத்து முடிக்க 1944 ஜூன் ஆகிவிட்டது. அதற்குள் எண்ணெய் கலந்த நீரில் எலும்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அப்போது புதைத்தவற்றை 1947-இல் தோண்டி ஆராய்ந்தும் 35 பேரைத்தான் உறுதி செய்ய முடிந்தது. மற்றவர்களை ஹவாயின் ஹொனலூலு நகரிலுள்ள பஞ்ச்பவுல் கல்லறைத் தோட்டத்தில் 46 குழிகளில் 'பெயர் தெரியாதவர்' என்று புதைத்தார்கள்.

அன்றைய தாக்குதலில் உயிர் தப்பிய ரே எமரி என்ற மாலுமி, முதுமையில் பழைய கோப்புகளைத் துருவித் துருவிப் படித்து, அதிகாரிகளை விடாமல் வற்புறுத்தினார். அவர் முயற்சியால் 2003-இல் ஒரே ஒரு சவப்பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே இருந்தவை 90-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் என்றது மரபணுச் சோதனை. ஆய்வகத்தைவிட முதலில் அந்தப் பெரியவரைத்தான் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

கே: மகனோ பேரனோ டி.என்.ஏ. கொடுத்தால் போதாதா?

ப: பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். பழைய எலும்பில் அணுக்கரு டி.என்.ஏ. (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது) பெரும்பாலும் சிதைந்திருக்கும். ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கான பிரதிகள் உள்ள மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். அது தாய் வழியில் மட்டுமே வரும். அந்த ஒப்பீட்டுக்கு வீரரின் சொந்த மகன் உதவ மாட்டார். அக்காள் மகன், தங்கை மகள், தாயின் உடன்பிறந்த பெரியம்மா, சித்தியின் பிள்ளைகள் உதவுவார்கள். அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் ஆகாது. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமை ஒப்பிட அண்ணன் மகன் ஆவார். ஆகவே அந்தக் குடும்பத்துப் பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே மாதிரி எடுத்து வைப்பது மிக முக்கியம்.

கே: டி.என்.ஏ. பொருந்திவிட்டால் வேலை முடிந்தது அல்லவா?

ப: முடியாது. ஒரே மைட்டோகாண்ட்ரியா வரிசை கொண்ட பலர் ஒரே கப்பலில் இருந்திருக்கலாம். பல், உயரம், வயது எல்லாம் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். எந்தப் பல் பிடுங்கப்பட்டது, எது அடைக்கப்பட்டது என்று கடற்படைப் பல் மருத்துவர் குறித்த அட்டை இங்கே பெரிய துணை. வயதுக்கு நான் முதலில் கையில் எடுப்பது காறை எலும்பு, அதாவது மார்பின் மேற்பகுதியிலிருந்து தோள் வரை செல்லும் எலும்பு. பத்தொன்பது வயதுப் பையனுடையது என்றால், மார்பை ஒட்டிய நுனி மூடி கழன்றதுபோல் மேடு பள்ளமாக இருக்கும். முப்பதைத் தாண்டியவருக்கு அதே இடம் ஒட்டி மூடியிருக்கும். இந்தக் கப்பலில் பையன்கள்தான் அதிகம்.

கே: கொரியப் போரில் இறந்தவர்களுக்கும் இதே முறைதானா?

ப: அவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. காசநோய்ப் பரிசோதனைக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் தெரியும் காறை எலும்பின் வடிவத்தைக் கிடைத்த எலும்போடு ஒப்பிடுகிறார்கள்.

கே: ஓக்லஹோமா வீரர்கள் எல்லோரும் அடையாளம் காணப்பட்டுவிட்டார்களா?

ப: 2015-இல் எல்லாக் குழிகளையும் தோண்டினார்கள். மண்டை ஓடுகளும் பற்களும் ஹவாயில், மற்ற எலும்புகள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆராயப்பட்டன. கடைசியில் 33 பேரைத் தனித்தனியே பிரித்தறிய முடியாமல் 2021 டிசம்பர் 7 அன்று மீண்டும் பஞ்ச்பவுலிலேயே அடக்கம் செய்தார்கள்.

கே: அடக்கம் முடிந்த பிறகு இன்னொரு எலும்பு கிடைத்தால் என்ன செய்வார்கள்?

ப: குடும்பத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள்: இனிக் கிடைப்பதைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று. வேண்டாம் என்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவரை எத்தனை முறை புதைப்பது? பஞ்ச்பவுலில் காணாமல் போனவர்களின் பெயர்கள் பொறித்த சுவர்கள் இருக்கின்றன. அடையாளம் தெரிந்ததும் பெயரை அழிப்பதில்லை; பக்கத்தில் பூ வடிவில் சிறிய வெண்கலச் சின்னம் ஒன்றைப் பதிக்கிறார்கள்.