வலிப்பு இருப்பதைக் கப்பல் நிறுவனத்திடம் மறைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள், டயப்பர் உண்டு. வலிப்பு மருந்தால் கட்டுக்குள் இருக்கிறது. கடைசியாக வந்து 14 மாதங்கள் ஆகின்றன. கோடை விடுமுறையில் மாமனார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பல் பயணம் போக ஆசைப்படுகிறோம். கப்பல் நீச்சல் குளத்தில் இறங்க வேண்டும் என்பதே மகளின் பேச்சாக இருக்கிறது. டிராவல் ஏஜெண்ட், “வலிப்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள், சொன்னால் ஏற்ற மாட்டார்கள். சாதாரண அறையே போதும், ஊழியர்கள் தூக்கிவிடுவார்கள்” என்கிறார். இந்த வாரமே பாதிப் பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

— ஒரு தாய், மதுரை

பதில்: கட்டாதீர்கள். மறைக்கவும் செய்யாதீர்கள். ஆனால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வாரமும் கப்பல்கள் புறப்படுகின்றன. குழந்தைகளுக்குச் செயல்முறை சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) அளிப்பவள் நான். என்னிடம் வரும் பெற்றோரில் பயணத்தால் நொந்து திரும்பியவர்களை எண்ணிப் பார்த்தால், அநேகமாக எல்லோரும் ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பிப் போனவர்கள்.

முதலில் மறைக்கும் பேச்சு. கப்பல் நிறுவனங்களிடம் சிறப்புத் தேவைப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. நாற்காலியின் அளவு, குழந்தையின் உடல்நிலை, தேவைப்படும் உதவி எல்லாம் அதில் எழுத வேண்டும். புறப்பாட்டுக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பு கேட்பவர்கள் உண்டு, 60 நாட்களுக்கு முன்பு கேட்பவர்களும் உண்டு. கட்டுக்குள் இருக்கும் வலிப்பை அதில் எழுதினால் என்ன ஆகும்? உங்கள் நரம்பியல் மருத்துவரிடமிருந்து பயணம் செய்யத் தகுதி உண்டு என்ற சான்றிதழைக் கேட்பார்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

எழுதாமல் போனால்? நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் மருத்துவருக்குக் குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அங்கே வைத்தியம் இலவசமில்லை. பில் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். கரையிலுள்ள மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டால் செலவு லட்சங்களில் போகும். காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது, ஏற்கெனவே இருந்த நோயை நீங்கள் சொன்னீர்களா என்பதைத்தான். சொல்லவில்லை என்றால் கையை விரித்துவிடும். அந்த நேரத்தில் ஏஜெண்டின் தொலைபேசி அணைந்திருக்கும். அவருக்குக் கமிஷன் வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

ஏற்ற மாட்டார்கள் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை விமானத்தில் ஏற்ற மறுத்த செய்தியைப் பார்க்காத பெற்றோர் நம்மில் யார்? அந்த விமான நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. உடல்நிலையைக் காரணம் காட்டுவதானால் விமான நிலைய மருத்துவரைப் பார்க்க வைக்காமல் விமான நிறுவனம் தானாக மறுக்கக் கூடாது என்று அதன் பிறகே விதியைத் திருத்தினார்கள். ஒரு குழந்தை கூட்டத்தின் நடுவே அவமானப்பட்ட பிறகுதான் நம் நாட்டில் ஒரு வரி திருத்தப்படுகிறது.

கப்பலுக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு எல்லாப் போக்குவரத்தையும் பற்றிப் பேசுகிறது. பேசிவிட்டு, தொழில்நுட்ப ரீதியாக முடிந்தால், பொருளாதார ரீதியாகக் கட்டுப்படியானால், பெரிய கட்டமைப்பு மாற்றம் தேவைப்படாவிட்டால் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. இத்தனை ‘ஆனால்’ போட்ட உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கவுண்ட்டரில் போய் நிற்பது? மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்தது சட்டத்துக்கு முரணானது, அவற்றைக் கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2024 நவம்பர் வரை ஆயிற்று. அமெரிக்காவில், தங்கள் கடல் எல்லைக்குள் வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்கும் தங்கள் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2005லேயே அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து நீங்கள் ஏறும் கப்பலோ, பெரும்பாலும் பஹாமாஸ் போன்ற ஒரு நாட்டின் கொடியோடு வரும். நம் சட்டம் அங்கே எட்டாது. அதனால்தான் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள் என்று மன்றாடுகிறேன். ஒரு மின்னஞ்சல் போதும். அதை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால், துறைமுகத்தில் நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது.

இப்போது அறைக்கு வருகிறேன். இன்றே ஓர் இஞ்ச் டேப்பை எடுத்து மகளின் நாற்காலியை அளந்து பாருங்கள். உட்காரும் இடத்தை அளக்காதீர்கள். இடது சக்கரத்தில் கை பிடித்துத் தள்ளும் வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து வலது வளையத்தின் வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். 22, 23 அங்குலம் வரும் என்று நினைக்கிறேன். கப்பலில் சாதாரண அறையின் வாசல் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். குளியலறைக் கதவு அதைவிடக் குறுகல். அதன் கீழே தண்ணீர் வெளியே வராமலிருக்க, நம் வீட்டு நிலைப்படி போல ஒரு தடுப்பும் இருக்கும். சக்கர நாற்காலிக்கென்று கட்டிய அறையில் வாசல் 32 அங்குலம். உள்ளே நாற்காலியை முழு வட்டமாகத் திருப்ப 5 அடி இடம் இருக்கும். குளிக்கும் இடத்தில் தடுப்பு கிடையாது; சுவரில் மடக்கு இருக்கையும் கைப்பிடியும் இருக்கும்.

“ஊழியர்கள் தூக்கிவிடுவார்கள்” என்பதை நம்பிப் போன ஒரு தந்தையை எனக்குத் தெரியும். மகனுக்கு 11 வயது, 30 கிலோ. ஊழியர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் பயணியைத் தூக்கவோ கழிப்பறைக்குக் கொண்டுபோகவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. நாற்காலி வாசலில் நுழையவில்லை. நடைபாதையில் விடவும் கூடாது. ஆபத்து நேரத்தில் ஆட்கள் ஓடும் வழி அது. கடைசியில் மடக்கிப் பக்கவாட்டில் நுழைத்து, பகலில் கட்டில் மேலும் இரவில் சோபா மேலும் போட்டு வைத்தார்கள். சோபாவில் படுக்க வேண்டிய பாட்டி, பேரனின் கால்மாட்டில் ஒடுங்கிப் படுத்தார். ஒவ்வொரு முறையும் கழிப்பறைக்கு அந்த மனிதர்தான் தூக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டினார். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. பணம் போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “இனிமேல் என்னை எங்கேயும் கூட்டிப்போக வேண்டாம்பா” என்று பையன் சொன்னதைத்தான் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

சக்கர நாற்காலி அறைகள் மிகக் குறைவு. ஆயிரத்துக்கும் மேல் அறைகள் உள்ள கப்பலிலும் சில டஜன்தான் இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரிய சர்வதேச நிறுவனங்களில் இவற்றுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதே வகைச் சாதாரண அறைக்கு என்ன விலையோ அதே விலைதான். ‘வீல்சேர் சார்ஜ்’ என்று ஏஜெண்ட் ஏதாவது எழுதினால் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அறை எண்ணைக் கப்பல் நிறுவனம் பிறகு ஒதுக்கும் மலிவு டிக்கெட்டுகளையும் எடுக்காதீர்கள். ‘ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறேன்’ என்பது அறை கிடைத்ததாகாது. கப்பல் நிறுவனம் கொடுத்த பதிவு எண், அறை எண், அது அணுகல் வசதியுள்ள அறை என்ற வரி, இந்த மூன்றும் நிறுவனத்தின் முகவரியிலிருந்தே உங்கள் மின்னஞ்சலுக்கு வரட்டும். அதற்குப் பிறகு பணம். அதுவும் ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம்.

புக்கெட் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இதை எந்த விளம்பரத் தாளிலும் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். பினாங்கில் கப்பல் ஜார்ஜ்டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் பக்கவாட்டாக வந்து ஒட்டி நிற்கும். சாய்தளத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். புக்கெட்டில் பல கப்பல்கள் படோங் விரிகுடாவில், கரைக்கு அப்பால் நங்கூரமிடுகின்றன. அங்கிருந்து சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். கப்பல் ஒரு தாளத்தில் அசையும், படகு வேறொரு தாளத்தில் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு காலடி இடைவெளி நொடிக்கொரு தரம் அகன்று சுருங்கும். நடக்கத் தெரிந்தவர்களையே இருபுறமும் இருவர் பிடித்துத்தான் ஏற்றுவார்கள். நாற்காலியை ஏற்றலாமா என்பதை அன்று காலை அலையைப் பார்த்துக் கப்பல் அதிகாரி முடிவு செய்வார். முடியாது என்றால் முடியாதுதான். முன்பே வாங்கிய மின்னஞ்சலும் இங்கே உதவாது. இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ஓர் இடத்தில் மறுப்பது குழந்தையின் உயிருக்காக. மடியில் வைத்துக்கொண்டு தாவிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆகவே கப்பல் நிறுவனத்திடம் கேட்கும்போது ஊரின் பெயரைக் கேட்காதீர்கள். துறையில் ஒட்டி நிற்குமா, படகில் போக வேண்டுமா என்று கேளுங்கள். தேதிக்குத் தேதி இது மாறும். லட்சத்தீவுக்குப் போகும் நம் ஊர்க் கப்பலுக்கும் இதே கேள்விதான். படகுதான் என்று பதில் வந்தால், பினாங்கும், கோலாலம்பூருக்கு அருகிலுள்ள துறைமுகமான போர்ட் கிளாங்கும் மட்டும் உள்ள பயணத்தைப் பாருங்கள். அப்படிக் கிடைக்கவில்லை என்றால், புக்கெட்டில் இறங்குவதற்காக எந்த ஏஜெண்டிடமும் தனிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். தாத்தா பாட்டி இறங்கிப் பார்த்து வரட்டும். நீங்கள் மூவரும் மேல்தளத்தில் இருங்கள். எல்லோரும் கரைக்குப் போன கப்பலில் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உணவுக்கூடத்தில் ஜன்னலோர மேசை கிடைக்கும். இரைச்சலுக்கு மிரளும் குழந்தைகள் முகம் தெளிந்து உட்காருவது அந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான்.

நீச்சல் குளம் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. டயப்பர் அணியும் குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்தில் இறக்க விடுவதில்லை. நீச்சலுக்கென்று விற்கும் டயப்பரும் செல்லாது. வயது, உடல்நிலை எதற்கும் இதில் விலக்கு கிடையாது. ஏஜெண்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். குளத்தின் விளிம்பில் போய் நின்ற பிறகு மகளுக்குத் தெரியவரக் கூடாது. இப்போதே சொல்லிவிடுங்கள். கூடவே, பயணத்துக்கு முந்திய இரவைக் குளம் உள்ள ஒரு சிங்கப்பூர் ஹோட்டலில் வைத்துக்கொள்ளுங்கள். பல ஹோட்டல்களில் நீச்சல் டயப்பரோடு இறங்கலாம். அதையும் எழுதிக் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். முதல் நாளுக்கான டயப்பரும் கையோடு இருக்கட்டும். வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே, டயசிபாம் போன்றவை சிங்கப்பூரில் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகள். அந்நாட்டின் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்து, தேவைப்பட்டால் முன் அனுமதி வாங்குங்கள். மருத்துவரின் கடிதத்தில் மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) இருக்க வேண்டும். நம் ஊர்க் கடையில் கேட்டு வாங்கும் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. மதுரையிலிருந்து செல்லும் விமானத்துக்கும் 48 மணி நேரம் முன்பே நாற்காலி பற்றித் தெரிவித்துவிடுங்கள்.

கப்பலில் ஏறியதும் துணியை அடுக்குவதற்கு முன் வரவேற்பு மேசைக்குப் போய், ஆபத்து நேரத்தில் உதவி தேவைப்படுவோர் பட்டியலில் மகளின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி ஒரு நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்த முடியாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் உங்கள் அறைக்கு ஆள் வருவார்கள். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியில் ஏழு குறுகிய சங்கொலியும் ஒரு நீண்ட சங்கொலியும் எழுப்புவார்கள். காது அடைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்; திடீர்ச் சத்தத்துக்கு உடல் விறைக்கும் குழந்தை என்றால், வீட்டிலேயே நான்கைந்து நாள் தொலைபேசியில் மெதுவாக ஒலிக்க வைத்துப் பழக்கலாம்.

பினாங்கில் இறங்கினால் குட்டி இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது. குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் அங்கேதான். ஆனால் கடைகளின் முன்னுள்ள பழைய நடைபாதை கடைக்குக் கடை மேடும் பள்ளமுமாக இருக்கும். தெரு ஓரமாகவே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

நாற்காலியின் அளவோடு கப்பல் நிறுவனத்துக்கு இன்றிரவே எழுதுங்கள். அறை எண் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். தளத்தின் வரைபடத்தைப் பார்த்து, லிஃப்டிலிருந்து எவ்வளவு தொலைவு, கட்டிலுக்கு எந்தப் பக்கம் நாற்காலி நிற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.